ஒரு ஸ்னோடிராப் கிழங்குக்கு 1,850 பவுண்டு ஏன்?

2022 பிப்ரவரியில், இணைய ஏலத்தில் 'கோல்டன் டியர்ஸ்' என்ற ஸ்னோடிராப் ரகத்தின் கிழங்கு ஒன்று 1,850 பவுண்டுக்குப் போனது. அன்றைய கணக்கில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். மூட்டை அல்ல, கூடை அல்ல. சின்ன வெங்காயம் அளவில் ஒரே ஒரு கிழங்கு. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2012இல் 'எலிசபெத் ஹாரிசன்' 725 பவுண்டு, 2015இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுண்டு.

பிரிட்டனில் பனிக்காலம் வந்தால் இந்தச் செய்தியும் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். படத்தைப் பார்க்கிறவருக்குக் குழப்பம்தான் மிச்சம். தலைகுனிந்த சிறு வெள்ளைப் பூ. உள்ளே பச்சையோ மஞ்சளோ ஒரு தீற்று. தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் பூத்துக் கிடப்பதும் ஏறக்குறைய இதேதான், அதை யாரும் விலை பேசுவதில்லை. அப்படியானால் அந்த 1,850 பவுண்டு எதற்கு?

பணக்காரப் பைத்தியம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்த விலைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் செடியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் செடி

ஸ்னோடிராப்பின் தாவரவியல் பெயர் கலாந்தஸ். 1753இல் லின்னேயஸ் சூட்டியது. கிரேக்கத்தில் 'பால்', 'பூ' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. பால்பூ என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய வகைப்பாட்டின்படி நம் வெங்காயமும் பூண்டும் இதே அமரில்லிடேசி குடும்பம்தான். தரையடியில் இருக்கும் கிழங்கும் வெங்காயம்போலச் செதில் செதிலானதே. ஆனால் தின்னக்கூடாது, நஞ்சு. (அந்த நஞ்சுக் கூட்டத்தில் ஒன்றான கேலன்டமின்தான் பிற்பாடு அல்சைமர் நோய்க்கு மருந்தானது, அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது.)

இதன் ஆண்டுச் சுழற்சி நம் ஊர்ச் செடிகளுக்கு நேர் தலைகீழ். கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கும். இலையுதிர் காலத்தில் வேர் விடும். மற்ற எல்லாம் செத்ததுபோல நிற்கும் ஜனவரி, பிப்ரவரியில் இலையையும் பூவையும் மேலே அனுப்பும். மரங்கள் துளிர்த்து நிழல் கட்டுவதற்குள் அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்த்துவிட்டு, மே, ஜூனில் மறுபடி உறங்கப் போய்விடும். அதாவது மேலே வேறு யாரும் இல்லாத நேரத்தில் கடையைத் திறந்து, கூட்டம் வருவதற்குள் மூடிவிடும் வியாபாரம்.

இதற்கென்று சில ஏற்பாடுகள் வேண்டும். இலை நுனி கெட்டியாக இருக்கும், உறைந்த மண்ணையும் துளைத்து வரும். உடலில் உறைதலைத் தடுக்கும் புரதங்கள் உண்டு. கடும் உறைபனி இரவில் செடி துவண்டு தரையில் படுத்துவிடும். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நிற்கும். பூ கவிழ்ந்திருப்பதால் மகரந்தம் நனைவதில்லை. வெப்பம் 10 டிகிரி செல்சியசை நெருங்கும்போதுதான் வெளியிதழ்கள் விரியும், ஏனென்றால் தேனீ பறக்க வருவதும் அப்போதுதான். இதை நினைவில் வையுங்கள், ஒப்பீடு என்று வரும்போது மறுபடி தேவைப்படும்.

நம் சமவெளியில் வளருமா என்று கேட்டால், வளராது. வாரக்கணக்கில் குளிர் இல்லாமல் கிழங்கு பூவெடுக்காது.

இனம் வேறு, ரகம் வேறு

செய்திகளில் இந்த இரண்டு சொற்களும் கலந்தே வருகின்றன. குழப்பத்தில் பாதி இதனால்தான்.

இனம் என்பது இயற்கையில் தானாக இருப்பது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, காகசஸ், ஈரான் வரை ஏறக்குறைய இருபது ஸ்னோடிராப் இனங்கள் இருக்கின்றன. பட்டியல் இன்னும் முடியவில்லை. துருக்கியின் பர்சா பகுதியிலிருந்து ஒரு புதிய இனம் 2019இல்தான் விவரிக்கப்பட்டது. ரகம் என்பது அந்த இனங்களிலிருந்தோ அவற்றின் கலப்பிலிருந்தோ ஒரு மனிதர் தனித்துப் பிரித்து, பெயர் வைத்து, கிழங்கு வழியாகப் பெருக்குவது. மாம்பழம் ஓர் இனம், பங்கனப்பள்ளி ஒரு ரகம் என்பதுபோல. விதை போட்டால் ரகம் நிலைக்காது. தாயின் துண்டாக இருந்தால்தான் அதே ரகம். பெயரிட்ட ஸ்னோடிராப் ரகங்கள் இன்று இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. பெயர்களைப் பதியும் சர்வதேசப் பொறுப்பு நெதர்லாந்தின் கிழங்குப் பயிர் வளர்ப்போர் சங்கத்திடம் இருக்கிறது. ஆனால் பதியாமலே பெயர் வைப்பவர்கள்தான் அதிகம்.

தோட்டங்களை ஆள்பவை நான்கு இனங்கள்:

1. நிவாலிஸ். சாதாரண ஸ்னோடிராப். குறுகிய, சாம்பல் பூத்த பச்சை இலை. பிரிட்டனில் எங்கும் கிடப்பது இதுதான், ஆனால் அந்த மண்ணின் சொந்தச் செடி அல்ல. தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டில் குடியேறியது என்பதே பொதுவான கருத்து.

2. எல்வெசியை. ஹென்றி ஜான் எல்வெஸ் என்ற பயணியும் தாவர ஆர்வலருமானவர் 1874இல் இன்றைய இஸ்மிர் நகருக்கு அருகே மலையில் கண்டெடுத்தது. அகலமான, நீலச் சாம்பல் இலை, பெரிய பூ. அவருடைய குளோஸ்டர்ஷயர் தோட்டமான கோல்ஸ்போர்ன் பார்க் இன்றும் ஸ்னோடிராப் பார்க்கப் போகிறவர்களின் முதல் நிறுத்தங்களில் ஒன்று.

3. பிளிகேட்டஸ். கிரிமியாவில் வளர்வது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போருக்குப் போன பிரிட்டிஷ் படையினர் சிலர் கிழங்கோடு திரும்பினார்கள். அப்படி அயர்லாந்தின் கில்டேருக்கு வந்த கிழங்கின் வம்சம்தான் 'ஸ்டிராஃபன்'. ஒரே கிழங்கிலிருந்து இரண்டாவது பூவும் விடுவதால் இதன் பருவம் நீளம்.

4. வொரோனோவியை. காகசஸ் பக்கத்தது. சாம்பல் பூச்சே இல்லாத பளபளப்பான பச்சை இலை.

இந்த நால்வரும் ஊரில் தனித்தனியாக, வேறு வேறு மலைகளில் இருந்தார்கள். ஆங்கிலேயத் தோட்டத்தில் ஒரே பாத்தியில் நட்டுவைத்தபோது தேனீ தன் வேலையைக் காட்டியது. இன்றைய ரகப் பெருக்கத்துக்கு மூலகாரணம் அதுதான்.

எதைப் பார்த்து வேறுபடுத்துவது

நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை. முழங்கால் போட்டுக் குனிந்து, பூவை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தால்தான் கதை தொடங்கும். அனுபவசாலிகள் பூவுக்கு முன்னால் இலையைப் பார்ப்பார்கள். அதுதான் சரியான வரிசையும்கூட.

1. இலை மடிப்பு. முளை வெளியே வரும்போது இரண்டு இலைகளும் எப்படி ஒட்டியிருக்கின்றன என்பது. நிவாலிசில் அவை கூப்பிய கைகள்போலத் தட்டையாகச் சேர்ந்திருக்கும். பிளிகேட்டசில் இலையின் இரு ஓரங்களும் பின்பக்கமாக மடிந்திருக்கும், துணியின் கரையை மடித்துத் தைத்ததுபோல. எல்வெசியையிலும் வொரோனோவியையிலும் ஓர் இலை மற்றதைச் சுற்றிக்கொண்டிருக்கும், வாழைக் குருத்து மாதிரி. கலப்பினங்களில் இது இரண்டுங்கெட்டானாக வரும்: ஓர் ஓரம் மட்டும் லேசாக மடிந்திருந்தால் பிளிகேட்டஸ் ரத்தம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பூ பொய் சொன்னாலும் இலை பெரும்பாலும் சொல்லாது.

2. உள்ளிதழ்க் குறி. பூவில் ஆறு இதழ்கள்: வெளியே பெரிதாக மூன்று, உள்ளே குட்டையாக மூன்று. உள்ளிதழின் நுனியில் ஒரு சிறு வெட்டு, அதை ஒட்டிப் பச்சைக் குறி. நிவாலிசில் கவிழ்த்த 'வி' வடிவில் ஒன்றே ஒன்று. எல்வெசியையில் வழக்கமாக நுனியில் ஒன்று, அடியில் ஒன்று. சிலவற்றில் இரண்டும் சேர்ந்து எக்ஸ் போல ஆகிவிடும். (ஆறு இதழும் ஒரே நீளமாக, எல்லா நுனியிலும் புள்ளியுடன் இருந்தால் அது ஸ்னோடிராப்பே அல்ல, ஸ்னோஃப்ளேக் என்ற உறவுக்காரச் செடி. செய்திப் படங்களிலேயே இது மாறிப்போவதுண்டு.)

3. வெளியிதழ். நீளமா, உருண்டையா, நுனியில் பச்சை உண்டா. 'விரிடபைஸ்' ரகத்தில் வெளியிதழ் நுனியில் பச்சைத் தீற்று இருக்கும். 1993இல் நார்ஃபோக்கில் கண்டெடுத்த 'டிகரி'யில் இதழ் வழவழப்பாக இல்லாமல் சுருக்கம் விழுந்த துணிபோல இருக்கும். 'டிரிம்' இன்னொரு திருப்பம்: வெளியிதழ்கள் உள்ளிதழ்போலவே மாறி, பச்சைக் குறியுடன் கூரை மாதிரி விரிந்து நிற்கும். இன்றைய விலையுயர்ந்த ரகங்கள் பலவற்றுக்கு இதுதான் மூதாதை.

4. காம்பும் பாளையும். பூந்தண்டின் உச்சியில் பூவை மூடியிருந்த பாளை. அதிலிருந்து பூவைத் தொங்கவிடும் மெல்லிய காம்பு. 'மேக்னட்' ரகத்தில் காம்பு மிக நீளம், சின்னக் காற்றுக்கும் பூ ஆடும். அதற்கு மிக நெருங்கிய 'கலாட்டியா'வில் காம்பு சட்டென்று மடங்கும். இரண்டையும் பிரிக்க உதவுவது அந்த மடக்குதான். ஜெர்மனியில் கண்டெடுத்த 'ஷார்லாக்கியை'யில் பாளை இரண்டாகப் பிளந்து கழுதைக் காதுபோல நிற்கும்.

5. நிறம். மஞ்சள் ரகங்களில் குறியும், பூவுக்கு மேலே உள்ள சூலகமும் பச்சைக்குப் பதில் மஞ்சளாக இருக்கும். கேம்பிரிட்ஜ் அருகே கிடைத்த 'வெண்டீஸ் கோல்ட்' இதில் நல்ல தெம்பானது. நிவாலிஸ் வழி மஞ்சள்கள் பொதுவாகச் சவலை.

6. பூக்கும் காலம். கிரேக்க இனமான ரெஜினே-ஓல்கே அக்டோபரிலேயே பூக்கும், பெரும்பாலும் இலை வருவதற்கு முன்பே. 'த்ரீ ஷிப்ஸ்', 'மிசஸ் மக்னமாரா' இரண்டும் கிறிஸ்துமஸ் ஒட்டி. (இந்த மக்னமாரா, கவிஞர் டிலன் தாமசின் மாமியார்.) ஜனவரியில் 'அட்கின்ஸியை', பிப்ரவரியில் நிவாலிசும் 'எஸ். ஆர்னாட்'டும். கணக்குப் போட்டு நட்டால் ஒரே தோட்டத்தில் ஆறு மாதம் ஸ்னோடிராப் பார்க்கலாம்.

ஒப்பீடு சறுக்கும் இடம்

மேலே சொன்ன ஆறும் தெரிந்தாலும் தப்பு நடக்கும். செடி தன் அடையாளத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காட்டுவதில்லை.

மிகப் பழைய உதாரணம் 'லேடி எல்ஃபின்ஸ்டன்'. மஞ்சள் குறி உள்ள அடுக்குப்பூ. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செஷயரில் கிடைத்தது. இதைத் தோண்டி வேறிடத்தில் நட்டால் கோபித்துக்கொண்டு ஓரிரு ஆண்டு பச்சைக் குறியோடு பூக்கும். காசு கொடுத்து வாங்கியவர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். பொறுத்தால் மஞ்சள் திரும்பும். மஞ்சள் ரகங்களுக்கு வெளிச்சமும் வேண்டும். அடர்ந்த நிழலில் மஞ்சள் மங்கிப் பச்சையை நெருங்கும்.

அளவும் ஏமாற்றும். பூத்த முதல் நாள் இருக்கும் உயரம் இரண்டு வாரம் கழித்து இருக்காது. தண்டு நீண்டுகொண்டே போகும். நல்ல உரமண்ணில் நட்ட சாதாரண ரகம், சத்தில்லாத மண்ணில் நட்ட பெரிய ரகத்தைவிடப் பெரிதாகத் தெரியும். குளிர்நாளில் எடுத்த படத்தில் பூ மூடியிருக்கும், ஒளி வந்த நாளில் விரிந்திருக்கும்: ஒரே செடியின் இரண்டு படங்கள் இரண்டு ரகம்போல இணையத்தில் சுற்றும்.

அடுத்தது, உண்மையிலேயே பிரிக்க முடியாதவை. நார்ஃபோக்கைச் சேர்ந்த ஹெய்ரிக் கிரேட்டோரெக்ஸ் 1940களில் அடுக்குப்பூ ரகங்கள் பலவற்றை உருவாக்கினார். நிவாலிசின் அடுக்குப்பூவான 'ஃப்ளோர் பிளேனோ' விதை பிடிக்காது, ஆனால் மகரந்தம் தரும். அதை பிளிகேட்டசில் சேர்த்தார். பிறந்த பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரிடமிருந்து பெயர் வைத்தார்: 'ஹிப்போலிட்டா', 'டைட்டானியா', 'ஒஃபீலியா', 'டெஸ்டிமோனா'. பெயரெல்லாம் கம்பீரம்தான். இன்றைக்கு அவற்றில் எது எது என்று தோட்டக்காரர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. ஒரே பெயரில் வேறு வேறு செடிகளும் வேறு வேறு பெயரில் ஒரே செடியும் கைமாறுகின்றன. மஞ்சளில் 'பிரிம்ரோஸ் வார்பர்க்', 'ஸ்பிண்டில்ஸ்டோன் சர்ப்ரைஸ்' ஜோடிக்கும் இதே கதி. இரண்டும் தனித்தனியாகக் கிடைத்தவை, பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

ஆக, நியாயமான ஒப்பீடு என்றால் குறைந்தது இவ்வளவு வேண்டும்: ஒரே பாத்தி, ஒரே ஆழம், ஒரே ஆண்டில் நட்ட பூக்கும் வயதுக் கிழங்கு, மூன்று குளிர்காலம். முதல் ஆண்டைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது நட்ட அதிர்ச்சியின் ஆண்டு. முதல் பூ விரிந்த தேதி, அப்போதைய உயரம், பதினைந்து நாள் கழித்து உயரம், ஒரு கிழங்குக்கு எத்தனை பூ, தூர் எவ்வளவு பெருத்தது ஆகியவற்றைக் குறித்துவைத்தால் போதும். மூன்றாம் ஆண்டும் நிற்கிற வித்தியாசம்தான் ரகத்தின் வித்தியாசம். மற்றதெல்லாம் மண்ணும் வானிலையும் செய்த வேலை. இந்தச் சோதனையில் தேறாமலே பெயர் வாங்கிய ரகங்கள் ஏராளம் என்பதை அந்த வட்டாரத்திலேயே பலர் ஒப்புக்கொள்வார்கள்.

வளர்ப்பு: சின்ன வேலை, பெரிய சண்டை

வளர்ப்பது கஷ்டமே இல்லை. குளிர்காலத்தில் வெளிச்சமும் கோடையில் நிழலும் வரும் இடம், அதாவது இலையுதிர்க்கும் மரத்தடி. வளரும் காலத்தில் ஈரம், ஆனால் தண்ணீர் தேங்காத மண். இலை மக்கு கலந்தால் சந்தோஷப்படும். கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில் நடலாம். எல்வெசியையும் ரெஜினே-ஓல்கேயும் கொஞ்சம் வெயிலையும் கோடை வறட்சியையும் ஏற்கும். மற்றவை நிழலுக்குப் பழகியவை. பூ முடிந்ததும் இலையை வெட்டக்கூடாது, தானாக மஞ்சளடிக்கும்வரை விடவேண்டும். அடுத்த ஆண்டுப் பூ அந்த இலையில்தான் தயாராகிறது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தூர் பிரித்து நட வேண்டும், இல்லையென்றால் கிழங்குகள் நெருக்கியடித்துப் பூ குறையும்.

சண்டை எப்போது தோண்டுவது என்பதில். மூன்று கட்சிகள் இருக்கின்றன.

கடைகளில் இலையுதிர் காலத்தில் வரும் உலர்ந்த கிழங்கு ஒன்று. ஸ்னோடிராப் கிழங்கின் தோல் மெல்லியது, வெங்காயம்போல மாதக்கணக்கில் வறண்டு கிடக்கத் தாங்காது. அதனால் பாதி முளைக்காமலே போகும். இதைப் பார்த்துச் சூடுபட்டவர்கள் சொன்னது 'பச்சையோடு நடவு': பூ முடிந்து இலை இருக்கும்போதே தோண்டி, உடனே நடுவது. பிரிட்டனில் நெடுங்காலமாக இதுவே வேதவாக்கு. ஆனால் அரிய ரகம் வளர்ப்போர் பலர் இதையும் ஏற்பதில்லை. வேலை செய்துகொண்டிருக்கும் வேரை அந்த நேரத்தில் அறுத்தால் அந்தப் பருவத்தில் அது திரும்ப வளராது. இலை சேர்க்க வேண்டிய உணவு பாதியில் நின்றுபோகும். அவர்கள் சொல்வது, கோடை உறக்கத்தில், வேர் தானாகவே காய்ந்திருக்கும்போது தோண்டி, காயவிடாமல் ஈர மக்கில் வைத்து, சில நாளிலேயே நட்டுவிடு என்பது. செடியின் சுழற்சியைப் பார்த்தால் இந்த மூன்றாவது கட்சியின் வாதமே பலமானது. பச்சையோடு நடுவது உலர்ந்த கிழங்கைவிட மேல், அவ்வளவுதான். ஆனால் உறங்கும் கிழங்கு எங்கே இருக்கிறது என்று கோடையில் தெரிய வேண்டுமே! அதனால்தான் சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு ரகத்தையும் ஓட்டைகள் உள்ள கூடைத்தொட்டியில் வைத்து மண்ணில் புதைக்கிறார்கள்.

அப்புறம் விதை. ஸ்னோடிராப் விதையில் எறும்புக்குப் பிடித்த கொழுப்பு முனை ஒன்று உண்டு. எறும்பு இழுத்துப்போய் அங்கங்கே போட்டுவிடும். கலப்பு விதை ஒன்று 'மேக்னட்' தூருக்குள் முளைத்து, நாலைந்து ஆண்டில் பூத்துப் பெருகினால், பலகையில் 'மேக்னட்' என்று இருக்கும், தூரில் பாதி வேறு செடியாக இருக்கும். ரகத் தூய்மை முக்கியம் என்கிறவர்கள் காய் முற்றுவதற்குள் கிள்ளிவிடுவார்கள். புது ரகம் வேண்டும் என்கிறவர்கள் விட்டுவிடுவார்கள்.

நோய்களில் மோசமானது சாம்பல் பூசணம். முளையிலேயே சாம்பல் படர்ந்து செடி அழுகும். கண்டதும் மண்ணோடு தோண்டி அழிப்பதுதான் வழி. நார்சிசஸ் ஈயின் புழு கிழங்குக்குள் புகுந்து உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும். அந்த ஈ வெயிலில் திரிவது, நிழலில் நட்ட கிழங்குக்கு ஆபத்து குறைவு.

விலையின் கணக்கு

இப்போது 1,850 பவுண்டுக்குத் திரும்பலாம்.

1. புது ரகம் என்பது தொடக்கத்தில் ஒரே ஒரு கிழங்கு. விதை முளைத்து முதல் பூ வரவே மூன்று முதல் ஐந்து ஆண்டு. எதிர்பார்த்த குணம் ஒரே தலைமுறையில் வராது. 'கோல்டன் ஃப்ளீஸ்' உருவாக்கிய கேம்பிரிட்ஜ்ஷயர் வளர்ப்பாளர் ஜோ ஷார்மன் அதற்குப் பதினெட்டு ஆண்டு உழைத்ததாகச் செய்திகள் வந்தன.

2. கிழங்கு பக்கக் குட்டி விட்டுத்தான் பெருகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து ஆண்டில் ஒன்று முப்பத்திரண்டு ஆகும். மஞ்சள் ரகங்களில் சவலையானவை இந்த வேகத்தைக்கூடத் தொடுவதில்லை.

3. அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. கிழங்கை உச்சியிலிருந்து அடிவரை எட்டாகவோ பதினாறாகவோ வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வேர் புறப்படும் அடித்தட்டின் சிறு பகுதி இருக்கும்படி பார்த்து, பூசணக்கொல்லியில் நனைத்து, ஈர வெர்மிகுலைட்டோடு (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) பிளாஸ்டிக் பையில் கட்டி, சுமார் 20 டிகிரியில் மூன்று மாதம் வைப்பது. ஒவ்வொரு துண்டிலும் குட்டிக் கிழங்கு வரும். ஆனால் அவை பூக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டு. கத்தி சுத்தமாக இல்லையென்றால் தாய்க்கிழங்கும் சேர்ந்து அழுகிப்போகும். இருக்கிற ஒரே கிழங்கை வெட்டத் துணிவது சின்ன விஷயமில்லை.

4. எனவே முதல் சில ஆண்டுகளில் விற்க இருப்பது ஒன்றோ இரண்டோ. கேட்பவர்கள் பல நூறு பேர். ஏலத்தில் விலையைத் தீர்மானிக்க இரண்டு பேர் போதும்.

கவனித்தால், இதில் அழகுக்கு இடமே இல்லை. விலை என்பது காத்திருக்க முடியாதவர் காத்திருந்தவருக்குக் கொடுக்கும் வாடகை. கிழங்கு பெருகினால் விலை சரியும். ஒரு காலத்தில் 'விரிடபைஸ்', 'வெண்டீஸ் கோல்ட்' எல்லாம் அரிது; இன்று சில பவுண்டுக்குக் கிடைக்கும். 'டிரிம்'மும் அதே வழியில் இறங்கியது. வாங்கியவர் சிலர் கிழங்கை வெட்டிப் பெருக்கி, விலை விழுவதற்குள் விற்றுப் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பதும் உண்டு. இன்னொரு பக்கம் திருட்டு. அரிய ரகத்துக்குப் பெயர்ப்பலகையே வைக்காத தோட்டங்கள் இருப்பது அதனால்தான்.

இதில் வேடிக்கை, நூறாண்டு கடந்தும் சிறந்தவை என்று எல்லோரும் கைகாட்டும் ரகங்கள் மலிவானவை. 'எஸ். ஆர்னாட்' ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் பக்கம் வாழ்ந்த சாமுவேல் ஆர்னாட் பெயரைத் தாங்கியது. தடித்த இதழ், வெயில் பட்டால் தேன் வாசனை, ஆண்டுக்கு ஆண்டு பெருக்கும். 'மேக்னட்'டும் 'அட்கின்ஸியை'யும் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள். இவை மலிவாக இருப்பதற்கும் சிறந்தவையாக இருப்பதற்கும் ஒரே காரணம்தான்: எந்த மண்ணிலும் வேகமாகப் பெருகுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த மூன்றை வாங்கினால் போதும். அரிய ரகம் வாங்கி முதல் குளிர்காலத்திலேயே இழப்பதைவிட இது புத்திசாலித்தனம்.

காட்டுக் கிழங்கும் சட்டமும்

ஏலச் செய்தி இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் எண்ணிக்கையில் பெரிய வியாபாரம் இங்கேதான். ஏலத்தில் ஒன்று விற்கும்போது, பெட்டிக்கடை விலையில் பைகளில் விற்கப்படும் எல்வெசியையும் வொரோனோவியையும் நெடுங்காலம் காட்டிலிருந்து தோண்டியவை. 1980களில் துருக்கி மலைகளிலிருந்து கோடிக்கணக்கில் கிழங்குகள் ஐரோப்பாவுக்குப் போயின. அதன் விளைவாக 1990இல் கலாந்தஸ் பேரினம் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அழியும் அபாயமுள்ள உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. இரண்டாம் பட்டியல் என்றால் வியாபாரத்துக்குத் தடை இல்லை, அனுமதிச் சீட்டு வேண்டும். எடுக்கிற அளவைக் காடு தாங்கும் என்று ஏற்றுமதி நாடு காட்ட வேண்டும்.

ஜார்ஜியா நாடு வொரோனோவியை கிழங்குக்கு வைத்திருக்கும் ஆண்டு ஒதுக்கீடு 1.5 கோடி. கருங்கடலை ஒட்டிய அஜாரா மலைக் கிராமங்களில் தோண்டப்பட்டு, துருக்கி வழியாக நெதர்லாந்து போய், அங்கிருந்து கடைப் பையாக உலகம் சுற்றுகிறது.

காட்டுக் கிழங்கானாலும் தோட்டத்துக் கிழங்கானாலும் எல்லை தாண்டச் சீட்டு வேண்டும், பேரினம் முழுவதும் பட்டியலில் இருப்பதால். 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தைக்கு வெளியே போய்விட்டது. லிங்கன்ஷயரில் வெட்டிப் பெருக்கிய ஒரு கிழங்கை அஞ்சலில் பெல்ஜியத்துச் சேகரிப்பாளருக்கு அனுப்ப இன்று சைட்டிஸ் சீட்டும் தாவர நலச் சான்றிதழும் தேவை. இருபது பவுண்டுக் கிழங்குக்கு அதைவிடக் கூடுதலாகக் காகிதச் செலவு. சிறு வளர்ப்பாளர்கள் பலர் வெளிநாட்டு ஆர்டரையே நிறுத்திவிட்டார்கள். ஆங்கிலக் கால்வாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ரகத்துக்கு இரண்டு விலை.